சட்டாம்பிள்ளையும் கேமராவும்: பள்ளிக்கூடத்துப் பார்வை பற்றிச் சில குறிப்புகள்

1

பள்ளிக்கூடங்களில் கண்காணிப்புக் கேமரா பற்றி எழுதுவதென்றால் நம்மில் பலருக்கும் கை தானாகவே ஃபூக்கோவைத் தேடிப் போகும். எனக்கும் போயிற்று. ஆனால் என் வாயை அடைத்தவர் ஒரு விசைத்தறித் தொழிலாளி. அங்கிருந்து தொடங்குவதுதான் நேர்மை.

2018இல் மேற்கு மாவட்டமொன்றில் ஒரு தனியார் மெட்ரிக் பள்ளியில் தமிழாசிரியனாக இருந்தேன். பெற்றோர் கூட்டத்தில் தாளாளர் எழுந்து, வகுப்பறைகளிலும் வராந்தாக்களிலும் கேமரா பொருத்தப்போவதாகவும், அதற்காக அந்த ஆண்டு கட்டணம் கொஞ்சம் கூடும் என்றும் அறிவித்தார். கட்டணம் என்றாலே முணுமுணுக்கிற கூட்டம் அன்று கைதட்டியது. கூட்டம் கலைந்தபின் வேப்பமரத்தடியில் நின்றுகொண்டிருந்தேன். என் ஒன்பதாம் வகுப்புப் பையன் ஒருவனின் அம்மா வந்தார். அருந்ததியர் குடியிருப்பைச் சேர்ந்தவர், தறி ஓட்டுகிறவர். கேமரா என்பது பிள்ளைகளைக் கைதிகளாக்குகிற ஏற்பாடு, பயத்தை மனசுக்குள்ளேயே நட்டு வைக்கிற ஏற்பாடு என்று அவருக்கு விளக்க ஆரம்பித்தேன். பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: “ஏனுங் சார், உங்க பேச்சுன்னா நாலு பேரு காது குடுப்பாங்க. எங்க பேச்ச யாருங் நம்பறாங்க? படமுன்னு ஒண்ணு இருந்தா நம்பித்தானுங்களே ஆவோணும்.”

எனக்குப் பதில் இல்லை. கைதட்டிய மற்ற பெற்றோருக்குக் கேமரா என்பது கொடுத்த காசுக்குக் கிடைக்கிற வசதிகளில் ஒன்று. பேருந்து மாதிரி, ஸ்மார்ட் கிளாஸ் மாதிரி. இவருக்கு அது சாட்சி. தன் சொல்லுக்கு மதிப்பில்லாத ஓரிடத்தில் தனக்கென்று ஒரு சாட்சியைத் தேடுவது அறியாமை ஆகாது. இந்த வித்தியாசத்தைப் பார்க்கத் தவறும் எந்தக் கேமரா எதிர்ப்பும் படித்தவர்களின் மேட்டிமைத்தனமாகத்தான் போய் முடியும். ஆகவே நான் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி ‘கண்காணிப்பு நல்லதா கெட்டதா’ என்பதல்ல. அந்தத் தாய் கேட்ட சாட்சியாகக் கேமரா ஆக முடியுமா என்பதுதான்.

2

முதலில் வரலாறு கொஞ்சம். ஆசிரியர் இல்லாத நேரத்தில் பேசுகிறவர்கள் பெயரைக் கரும்பலகையில் எழுதும் வகுப்புத் தலைவனை நாம் ‘மானிட்டர்’ என்கிறோம். தாளாளர் அறையில் பதினாறு கட்டங்களாகப் பிரிந்து ஒளிரும் திரைக்கும் பெயர் மானிட்டர்தான். இது வெறும் சொல் விளையாட்டு என்று நான் நினைக்கவில்லை. இரண்டுக்கும் நடுவே ஓடும் கதையில் நம்ம ஊர்த் திண்ணைக்கும் பங்கு உண்டு.

1789இல் சென்னை எழும்பூரில் பிரிட்டிஷ் படையினரின் அநாதைப் பையன்களுக்கென்று நடந்த விடுதிப் பள்ளிக்குப் பொறுப்பேற்றவர் ஆண்ட்ரூ பெல் என்னும் பாதிரியார். உள்ளூர்ப் பள்ளிக்கூடம் ஒன்றில் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிப் பழகுவதைப் பார்த்து அதைத் தன் பள்ளிக்கு எடுத்துக்கொண்டார். ஆசிரியர்கள் ஒத்துழைக்காதபோது எட்டு வயதுப் பையன் ஒருவனையே சின்னப் பிள்ளைகளுக்கு ஆசிரியனாக்கினார். பெரிய பையன் சின்னப் பையனுக்குச் சொல்லிக்கொடுப்பதும் அவனை மேய்ப்பதும் நம் திண்ணைப் பள்ளிகளின் சட்டாம்பிள்ளைக்குப் பழகிய வேலை. பெல் அதை ஒரு முறைமையாக்கினார். குற்றங்களைப் பதிய ஒரு கறுப்புப் புத்தகம், அதை வைத்து வாரந்தோறும் விசாரணை என்பவையும் அதில் அடக்கம். 1797இல் லண்டனில் அதை நூலாக வெளியிட்டார். ‘மெட்ராஸ் முறை’ என்றே அதற்குப் பெயர் நிலைத்தது. ஜோசப் லங்காஸ்டரின் பள்ளிகளும் ஏறக்குறைய இதே வழியில் நடந்தன.

பனாப்டிகான் சிறையைக் கற்பனை செய்த ஜெரமி பெந்தம் 1816இல் ஒரு பள்ளிக்கான திட்டத்தையும் எழுதினார். பாட முறைக்கு பெல்லையும் லங்காஸ்டரையும் எடுத்துக்கொண்டார். கட்டடத்துக்குத் தன் பனாப்டிகானையே பரிந்துரைத்தார்: நடுவில் ஆசிரியர், சுற்றிலும் பிள்ளைகள், யாரும் அவர் கண்ணுக்குத் தப்ப முடியாது. அந்தப் பள்ளி கட்டப்படவேயில்லை. 1975இல் ஃபூக்கோ சிறையின் வரலாற்றை எழுதியபோது பள்ளிக்கூடத்தையும் அதே வரிசையில் வைத்தார், லங்காஸ்டர் பாணிப் பள்ளிகளையும் பேசினார். அவர் சொன்னதைச் சுருக்கினால் இப்படி வரும்: பார்க்கிறவன் உண்மையிலேயே பார்க்கிறானா என்பது முக்கியமில்லை, பார்க்கக்கூடும் என்கிற நினைப்பு போதும், உடல் தானாகவே ஒழுங்குக்கு வந்துவிடும்.

இந்த வரலாற்றில் நாம் வெறும் பலியாட்கள் அல்ல என்பதுதான் நான் சொல்ல வருவது. கண்காணிப்பு மேற்கிலிருந்து வந்த நவீனத் தீமை, நம்முடைய பழைய பள்ளியோ பாசமும் பண்பாடும் நிறைந்தது என்று ஒரு கதையாடல் இங்கே உலவுகிறது. திண்ணைப் பள்ளியில் சட்டாம்பிள்ளை இருந்தான், உத்தரத்துக் கயிற்றில் தொங்கவிடும் கோதண்டம் இருந்தது. சாதியில் கீழே வைக்கப்பட்டவர்களின் பிள்ளைகளில் பெரும்பாலோருக்கு அந்தத் திண்ணையே இல்லை. யார் உள்ளே வரலாம், யார் எங்கே உட்காரலாம் என்று பிரித்துவைத்த ஒரு பார்வை கேமராவுக்கு வெகுகாலம் முன்பே இங்கே வேலை செய்துகொண்டிருந்தது. கேமரா அந்தப் பார்வையின் இடத்தைப் பிடித்துக்கொள்ளவில்லை. அதன் கீழே வேலைக்குச் சேர்ந்தது.

3

2017 ஆகஸ்ட் 24 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் கொண்ட அமர்வு, புட்டசாமி வழக்கில், அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று தீர்ப்பளித்தது. சரியாகப் பதினைந்தாம் நாள், செப்டம்பர் 8 அன்று, குருகிராமில் ஒரு தனியார் பள்ளியின் கழிப்பறையில் ஏழு வயதுப் பையன் கழுத்தறுபட்டுக் கிடந்தான். நாடு முழுக்கப் பெற்றோர் கொதித்தார்கள். தீர்ப்பைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தவர்களும் அதை மறந்துபோனார்கள். அந்த மாதமே சி.பி.எஸ்.இ. தன் பள்ளிகளுக்குக் கேமராவை வலியுறுத்திச் சுற்றறிக்கை விட்டது.

ஆனால் அந்த வழக்கு கேமராவைப் பற்றிச் சொன்னது என்ன? அந்தப் பள்ளியில் ஏற்கெனவே கேமரா இருந்தது. ஹரியானா போலீஸ் அன்றைக்கே பள்ளிப் பேருந்தின் நடத்துநரைக் கைது செய்தது, அவர் ஒப்புக்கொண்டுவிட்டதாகவும் அறிவித்தது. பிறகு வந்த சி.பி.ஐ., கேமராப் பதிவுகளையும் ஆதாரமாகக் காட்டி, அதே பள்ளியின் பதினோராம் வகுப்பு மாணவனைப் பிடித்தது. நடத்துநரை 2018இல் நீதிமன்றம் வழக்கிலிருந்து விடுவித்தது. பதிவு இருந்தபோதே ஒரு விசாரணை ஏழைத் தொழிலாளியைக் குற்றவாளியாகக் கண்டது, மற்றொன்று அவரை நிரபராதியாகக் கண்டது. படம் தானாகப் பேசுவதில்லை. அதை யார் வாசிக்கிறார்கள், யாரைத் தேடி வாசிக்கிறார்கள் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. பிரதியைப் பற்றி இத்தனை காலம் எழுதிக்கொண்டிருக்கும் நமக்கு இது புதுசில்லை. ஆனாலும் கேமராப் பதிவு என்றதும் நாமும் அதை உண்மையே என்று எடுத்துக்கொள்கிறோம்.

அதற்குப் பின் நடந்தவை ஒரே திசையில் போயின. டெல்லியின் அப்போதைய ஆம் ஆத்மி அரசு 2018இல் அரசுப் பள்ளி வகுப்பறைகள் எல்லாவற்றிலும் கேமரா என்று அறிவித்தது. பெற்றோர் செல்பேசியில் நேரடியாகப் பார்க்கும் வசதியோடு 2019இல் தொடங்கவும் செய்தது. அந்தரங்கம் பற்றிக் கேட்டவர்களுக்கு அன்றைய முதல்வர் கேஜ்ரிவால் சொன்ன பதிலின் சாரம்: பிள்ளைகள் பள்ளிக்குப் படிக்கவும் ஒழுக்கம் பழகவும் போகிறார்கள், சொந்த வேலை பார்க்க அல்ல. 2025 ஜூலையில் சி.பி.எஸ்.இ. தன் இணைப்பு விதிகளையே திருத்தியது. வாசல், வராந்தா, படிக்கட்டு, வகுப்பறை, ஆய்வகம், நூலகம், உணவகம், விளையாட்டு மைதானம் எங்கும் கேமரா. படத்தோடு ஒலியும் பதிவாக வேண்டும். குறைந்தது பதினைந்து நாள் சேமித்து வைக்க வேண்டும். கழிப்பறைக்கு மட்டும் விலக்கு.

2023இன் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், பதினெட்டு வயதுக்கு உட்பட்டவர்களைப் பின்தொடர்வதையும் அவர்கள் நடத்தையைக் கண்காணிப்பதையும் தடை செய்கிறது. 2025 நவம்பரில் வந்த அதன் விதிகள், கல்விப் பணிக்காகவும் பிள்ளைகளின் பாதுகாப்புக்காகவும் என்றால் கல்வி நிலையங்களுக்கு அந்தத் தடையிலிருந்து விலக்கு தருகின்றன. பிள்ளைகள் பகலில் பாதியைக் கழிக்கும் இடம் பள்ளி. அந்த இடத்துக்கே விலக்கு என்றால் மிச்சம் என்ன இருக்கிறது?

4

என் பள்ளிக்கு வருகிறேன். கேமரா வந்தது. நான்கு மாதம் கழித்து அந்தத் தாயின் மகன், மதிய உணவு இடைவேளையில், வகுப்புக்குள் இன்னொரு பையனை அறைந்தான். அவன் காதில் அடி. பெற்றோர் வந்தார்கள், பதிவைப் போட்டுப் பார்த்தார்கள். நானும் அந்த அறையில் இருந்தேன். திரையில் எல்லாம் தெளிவாக இருந்தது: இரண்டு பேர் பேசிக்கொண்டிருக்கிறார்கள், ஒருவன் சிரிக்கிறான், மற்றவன் கை ஓங்குகிறான். யார் முதலில் கை நீட்டியது என்பதில் சந்தேகமே இல்லை. தாளாளர் அந்த அம்மாவைப் பார்த்துச் சொன்னார்: “நீங்களே பாத்துக்குங்கம்மா. நாங்க ஒண்ணும் சொல்லல. கேமரா சொல்லுது.”

சிரித்தவன் சொன்ன சொல் படத்தில் இல்லை. அது சாதிப் பெயர். அன்றைக்கு மட்டும் சொன்னதும் அல்ல. ஜூன் மாதத்திலிருந்தே குழாயடியில், பேருந்தில், மைதானத்தில் தினமும் சொன்னது. அது எனக்குத் தெரியும். வராந்தாவின் கடைசியில், தண்ணீர்க் குழாய்க்குப் பக்கத்தில் நின்று பையன்கள் சில நேரம் என்னிடம் மனசு விட்டுப் பேசுவார்கள். அவனும் அங்கேதான் ஒருமுறை சொன்னான். அடுத்த முறை பேச அவன் வரவில்லை, ஏனென்றால் அதற்குள் குழாய்க்கு மேலேயும் ஒரு கேமரா வந்துவிட்டது. அன்று அந்த அறையில் இதை நான் சொல்லியிருக்க வேண்டும். கொஞ்சம் சொன்னேன், ‘இதுக்கு முன்னாடி ஏதோ பிரச்சினை இருந்திருக்கு சார்’ என்கிற அளவில். “சார், அதெல்லாம் படத்துல இல்லியே” என்றார்கள். நான் அதற்கு மேல் போகவில்லை. வேலை போய்விடும் என்கிற பயம்தான், வேறொன்றுமில்லை. பையனுக்கு டி.சி. கொடுத்தார்கள். அந்த அம்மா என்னைப் பார்த்த பார்வையை இங்கே விவரிக்க எனக்கு யோக்கியதை கிடையாது.

இனி ஒலியும் பதிவாகும், அந்தச் சொல்லும் சிக்கும் என்று சிலர் சொல்லக்கூடும். வகுப்பில் சொல்லாமல் பேருந்தில் சொல்வார்கள் என்பது ஒரு பதில். முக்கியமான பதில் வேறு: வசவைக் கேட்கும் கருவி ரகசியத்தையும் கேட்கும். பயந்த பிள்ளை நம்பிக்கையான ஒருவரிடம் தாழ்ந்த குரலில் சொல்ல இடமில்லாமல் போகும். பதிவுப் பெட்டி இருப்பது தாளாளர் அறையில். பிள்ளை யாரைப் பற்றிச் சொல்ல நினைக்கிறதோ அவரே அதைப் போட்டுக் கேட்கலாம், தனக்கு ஆகாததைப் பதினைந்து நாளில் தானாக அழிய விடலாம். கேள்வி கேட்கப்பட வேண்டியவர் கையிலேயே சாட்சியின் கழுத்து இருக்கிறது. சட்டாம்பிள்ளை வாத்தியாரின் குற்றத்தைக் கரும்பலகையில் எழுதியதாக எந்தத் திண்ணையிலாவது கதை உண்டா?

5

‘பாதுகாப்பு’ என்ற சொல்லுக்கு என்ன ஆயிற்று என்பதையும் பார்க்க வேண்டும். 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் 94 பிள்ளைகள் எரிந்துபோனார்கள். கூரை கீற்று என்பதும், வழி குறுகல் என்பதும், ஒரே கட்டடத்தில் அத்தனை பிள்ளைகளை அடைத்திருந்தார்கள் என்பதும் ரகசியமா? தெருவில் போகிற யாருக்கும் தெரிந்தவை. 2012இல் சென்னை சேலையூர்ப் பள்ளி ஒன்றின் பேருந்துத் தரையில் இருந்த ஓட்டை வழியே விழுந்து ஒரு சிறுமி இறந்தாள். அந்த ஓட்டையும் கண்ணுக்குத் தெரிகிற ஓட்டைதான். பார்க்க ஆளில்லாமல் நடந்த சாவுகள் அல்ல இவை; பார்த்தவர்கள் பேசாமல் இருந்ததால், பேசியவர்களை மதிக்காததால் நடந்தவை. அன்றைக்குப் பாதுகாப்பு என்றால் கூரை, படிக்கட்டு, கதவு, வண்டி. அதற்கெல்லாம் நிர்வாகமும் அரசும் பதில் சொல்ல வேண்டும். இன்றைக்குப் பாதுகாப்பு என்றால் பிள்ளையையும் ஆசிரியரையும் ஆயாவையும் வண்டி ஓட்டுகிறவரையும் பார்த்துக்கொண்டே இருப்பது. பதில் சொல்ல வேண்டியவர் திரைக்குப் பின்னால் போய் உட்கார்ந்துவிட்டார்.

விதி விலக்களித்த கழிப்பறைக்கு வருவோம். 2022இல் ஈரோடு மாவட்டத்தில், பட்டியல் சாதிப் பிள்ளைகளைக் கழிப்பறை கழுவ வைத்ததாக அரசுப் பள்ளித் தலைமையாசிரியை ஒருவர் கைது செய்யப்பட்டார். விஷயம் எப்படி வெளியே வந்தது? டெங்கு வந்து கிடந்த பையனிடம் அவன் அம்மா கேட்டார், அவன் சொன்னான். அவ்வளவுதான். இதனால் கழிப்பறையிலும் கேமரா வேண்டும் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். ஒரு தாய் கேட்டதும், பிள்ளை சொன்னதும், தாய் நம்பியதும், புகார் கொடுத்ததும்தான் அங்கே வேலை செய்தன. 2021இல் சென்னையில் பெயர்பெற்ற ஒரு பள்ளியின் ஆசிரியர் பாலியல் புகாரில் கைதானதும் அப்படித்தான். முன்னாள் மாணவிகள் சமூக ஊடகத்தில் ஒருவர் சொன்னதை இன்னொருவர் நம்பி, ஒன்றாகச் சேர்ந்து பேசினார்கள்.

சொல்வதற்கு விலை உண்டு என்பதையும் மறைக்கக்கூடாது. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில், தனக்கு நடக்கும் சாதிக் கொடுமையைச் சொன்ன தலித் மாணவனை உடன் படித்தவர்கள் வீடு புகுந்து வெட்டினார்கள். தடுக்க வந்த தங்கைக்கும் வெட்டு. அதன்பின் அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. பள்ளிப் பெயர்களில் உள்ள சாதி அடையாளங்களை நீக்குவது, கையில் கட்டும் வண்ணக் கயிறுகளைத் தடை செய்வது, அகர வரிசையில் உட்கார வைப்பது என்று அது பரிந்துரைத்தது. உடனே எழுந்த கூச்சலை நாம் பார்த்தோம். கேமராவுக்குக் கைதட்டுகிற சமூகம் கயிற்றை அவிழ்க்கச் சொன்னால் கொதிக்கிறது. ஏனென்றால் கேமரா யாருடைய அதிகாரத்தையும் குறைப்பதில்லை. கயிறு குறைக்கும்.

6

ஆசிரியர்களைப் பற்றி ஒரு வார்த்தை. கேமரா வந்த மறுவாரமே எங்கள் வகுப்பறைகளில் ஒலிபெருக்கியும் வந்தது. பாடம் நடத்திக்கொண்டிருக்கும்போது மேலேயிருந்து குரல் வரும்: “செவன் பி மிஸ், உக்காராதீங்க.” நாற்பது பிள்ளைகள் திரும்பிப் பார்ப்பார்கள். அந்த ஆசிரியை அப்போது ஆறு மாதக் கர்ப்பிணி. 2021இல் தமிழ்நாடு அரசு கடைப் பணியாளர்களுக்கு உட்காரும் உரிமையைச் சட்டமாக்கியது. ஜவுளிக்கடைப் பெண்களின் வலி ஒருவழியாகச் சட்டத்துக்குள் வந்தது. அந்தச் சட்டம் வகுப்பறைக்குப் பொருந்தாது. பிள்ளைகளுக்காக என்று சொல்லி வந்த கருவி முதலில் கூலியைக் கறக்கும் கருவியாகத்தான் வேலை செய்தது. மேலேயிருந்து அவமானப்படுத்தப்படும் ஆசிரியையிடம் எந்தப் பிள்ளை போய்த் தன் அவமானத்தைச் சொல்லும்? தன் வேலையையே காத்துக்கொள்ள முடியாத ஆள் தன்னைக் காப்பார் என்று ஒரு பிள்ளை எப்படி நம்பும்? என் விஷயத்தில் அந்தப் பையன் கணித்தது சரியாகத்தான் போயிற்று.

நம் பக்கத்துக் குறையையும் சொல்லிவிடுகிறேன். பள்ளிக்கூடமும் சிறையும் ஒன்று என்று எழுதுவது நமக்கு எளிதாகிவிட்டது. வாசலுக்கு வெளியே நிறுத்தப்பட்டவர்களும், உள்ளே வந்தபின் சாக்குப்பையில் தனியே உட்கார வைக்கப்பட்டவர்களும் இந்தச் சிறைக்குள் நுழையத்தான் தலைமுறை தலைமுறையாகப் போராடினார்கள். அவர்களிடம் போய்ப் பள்ளிக்கூடமே அதிகாரத்தின் கருவி என்று பேசிவிட்டு வருவது விமர்சனம் ஆகாது. அவர்கள் கேட்பது பள்ளியிலிருந்து விடுதலை அல்ல. பள்ளிக்குள்ளே சொல்லுக்கு மதிப்பு. கேமரா அந்தக் கோரிக்கையைத் திருடி, அதற்குப் பதிலாக ஒரு படத்தைக் கொடுக்கிறது.

அப்படியானால் கேட்க வேண்டியவை என்ன? வெளிவாசலில் கேமரா இருப்பதை நான் எதிர்க்கவில்லை. வகுப்பறையிலும் பிள்ளைகள் பேசிக்கொள்ளும் இடங்களிலும் வேண்டாம். ஏற்கெனவே இருக்கிற இடங்களில், பதிவின் பிரதியைப் புகார் கொடுத்த பெற்றோர் கேட்ட அன்றே பெறும் உரிமை வேண்டும். பெட்டியின் சாவி நிர்வாகத்திடம் மட்டும் இருக்கக்கூடாது. போக்சோ சட்டப்படி, குற்றம் நடந்தது தெரிந்தும் சொல்லாமலிருப்பதே குற்றம். அந்தக் கடமையைச் சாதிக் கொடுமைக்கும் பள்ளிக்குள் கொண்டுவர வேண்டும். தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளில் ‘மாணவர் மனசு’ என்று புகார்ப் பெட்டிகள் வைத்தார்கள். நல்லதுதான். அதை யார் திறக்கிறார்கள், திறக்கும்போது வெளியாள் ஒருவர் கூட இருக்கிறாரா, சொன்ன பிள்ளைக்கு அடுத்த நாள் என்ன ஆயிற்று என்று ஊர்தோறும் கேட்க வேண்டியது நம் வேலை. தனியார் பள்ளி ஆசிரியர்களுக்குச் சங்கமும் பணிப் பாதுகாப்பும் இல்லாமல் இவற்றில் எதுவும் நடக்காது.

அந்தப் பள்ளியை விட்டு நான் அடுத்த ஆண்டே வந்துவிட்டேன். பையன் அரசுப் பள்ளியில் சேர்ந்து பத்தாவது முடித்ததாகத் தெரிந்தது. அவன் அம்மாவை ஒருமுறை பேருந்து நிறுத்தத்தில் பார்த்தேன். மன்னிப்புக் கேட்கிற மாதிரி ஏதோ ஆரம்பித்தேன். “வுடுங் சார், படத்துல இல்லாதத நீங்களாச்சும் சொல்லியிருக்கலாமுங்” என்றார். பேருந்து வந்தது, ஏறிப் போய்விட்டார்.